புயலின் வழியறிந்த பிடிங்டன்

பாய்மரக் கப்பல்கள் கடலை ஆண்ட காலத்தில் மாலுமிகளுக்குக் காற்றே துணை, காற்றே பகை. வேண்டிய திசையில் அது வீசினால் கப்பல் விரைந்து செல்லும். ஓய்ந்துவிட்டால் நடுக்கடலில் நாட்கணக்காக அசையாது நிற்கும். இவை இரண்டும் மாலுமிகளுக்குப் பழகியவை. ஆயின், வங்கக் கடலிலும் சீனக் கடலிலும் மேற்கிந்தியத் தீவுகளை அடுத்த கடலிலும் சிற்சில வேளைகளில் வேறொரு வகைக் காற்று எழும். அது ஒரு திசையினின்று பெருஞ்சீற்றத்துடன் பல மணி நேரம் வீசும். பிறகு திடீரென அடங்கும். வானமும் சற்று வெளுக்கும். களைத்துப்போன கடற்பறவைகள் கப்பலின் மேல்தட்டில் வந்து விழும். பிழைத்தோம் என்று மாலுமிகள் மூச்சுவிடும் வேளையில், முன்பு வீசிய திசைக்கு நேரெதிர்த் திசையினின்று முன்னினும் கொடியதாகக் காற்றுப் பாயும். ஒரு பக்கத்துக் காற்றை எண்ணிக் கட்டிய பாய்களும் கயிறுகளும் மறுபக்கத்துத் தாக்குதலைத் தாங்கமாட்டா. பாய்மரம் முறியும், பல வேளைகளில் கப்பலே கவிழும்.

இக்காற்றின் வடிவம் யாது? இஃது எங்கிருந்து வந்து எங்குச் செல்கிறது? ஒரு கப்பலில் இருப்பவர் இதனை அறிய வழியில்லை. யானையைத் தடவிப் பார்த்த குருடர் போல, அவரவர் தம் தலைமேல் வீசிய காற்றைத்தான் அறிவர். நூறு கல் தொலைவில் மற்றொரு கப்பலின்மேல் அதே நேரத்தில் எந்தத் திசைக் காற்று வீசிற்று என்பது அவர்க்குத் தெரியாது. அந்தச் சிதறிய செய்திகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, வங்கக் கடற்புயலின் உருவத்தைக் கண்டு, அதனை எளிய மாலுமியும் கையாளத்தக்க கருவியாக ஆக்கித் தந்தவர் ஹென்றி பிடிங்டன் என்பவர்.

பிடிங்டன் 1797-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். வணிகக் கப்பல்களில் பணியாற்றிக் கப்பல் தலைவராக உயர்ந்து, இந்தியக் கடலிலும் சீனக் கடலிலும் பயணம் செய்தார். பின்னர்க் கடல் வாழ்வை விட்டுக் கல்கத்தா நகரில் குடியேறினார். கரையேறிய மாலுமிகள் பலர் பழங்கதை பேசிக் காலம் கழிப்பர். இவரோ அவ்வாறு இருந்தாரல்லர். செடிகொடிகளை ஆராய்ந்து, இந்தியத் தாவரங்களின் பெயர்களுக்கு ஓர் அகராதி தொகுத்து 1832-இல் வெளியிட்டார். மண் வகைகளையும் கனிமங்களையும் சோதித்தார். கனிமங்களுக்கெனக் கல்கத்தாவில் அமைந்த காட்சிசாலையின் காப்பாளராகவும் இருந்தார். சர் வில்லியம் ஜோன்ஸ் 1784-இல் நிறுவிய ஆசியக் கழகத்தின் இதழில் இவருடைய கட்டுரைகள் அடிக்கடி வெளிவந்தன. கப்பல் சேதமுற்றால் அதன் காரணத்தை ஆராயும் கடல் விசாரணை மன்றத்துக்குத் தலைவராகவும் அமர்ந்தார். மூழ்கிய கப்பல்களின் கதைகளை நாள்தோறும் கேட்கும் பதவி அது. எத்தனை தலைவர்கள் அறியாமையால் தம் கப்பலைத் தாமே அழிவின் வாயிற் செலுத்தினர் என்பதை இவர்போல் அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே.

புயல் என்பது நேராக ஓடும் காற்றன்று, சுழலும் காற்று என்னும் கருத்தை முதன்முதற் கண்டவர் பிடிங்டன் அல்லர். அமெரிக்க நாட்டில் குதிரைச் சேணம் தைக்கும் தொழில் பயின்ற வில்லியம் ரெட்பீல்டு என்பவர், 1821-இல் அடித்த ஒரு பெரும்புயலுக்குப் பின் கனெக்டிகட் நாட்டுப்புறத்தின் வழியே சென்றார். அங்கு வீழ்ந்து கிடந்த மரங்கள் எல்லாம் வடமேற்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. அதற்கப்பால் மாசசூசெட்ஸ் பகுதியிலோ மரங்கள் தென்கிழக்கு நோக்கிக் கிடந்தன. ஒரே புயல் இரண்டிடத்தில் நேரெதிர்த் திசைகளில் மரங்களை வீழ்த்தியது எவ்வாறு? காற்று ஒரு பெருஞ்சக்கரமாகச் சுழன்றாலன்றி இது நிகழாது என அவர் உணர்ந்தார். அதனை 1831-இல் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டிற் பார்படோசுத் தீவைப் புயல் பாழ்படுத்தியது. இடிந்த கட்டடங்களைச் சீரமைக்கச் சென்ற ஆங்கிலப் படைப் பொறியாளர் வில்லியம் ரீடு, கப்பல்களின் குறிப்பேடுகளைத் தேடித் தொகுத்து, 1838-இல் புயல்களின் விதியைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

அந்நூல் கல்கத்தாவை எட்டியபோது பிடிங்டனுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. மேலைக் கடலிற் கண்ட விதி வங்கக் கடலிலும் செல்லுமா என்று சோதித்துப் பார்க்க அவர் விரும்பினார். வாய்ப்பும் விரைவில் வந்தது. 1839-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 3, 4, 5 ஆகிய நாட்களில் வங்கக் கடலில் ஒரு புயல் வீசியது. அதில் அகப்பட்டு மீண்ட கப்பல்களின் தலைவர்களிடமெல்லாம் பிடிங்டன் குறிப்புகளை வேண்டினார். அரசாங்கமும் இம்முயற்சிக்குத் துணை செய்தது. அக்குறிப்புகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையே இவருடைய முதற் புயல் ஆராய்ச்சி. அதே ஆண்டு நவம்பரில் கோதாவரி ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கோரிங்கா என்னும் துறைமுகத்தை மற்றொரு புயல் அழித்தது. அஃது இரண்டாம் ஆராய்ச்சிக்குப் பொருளாயிற்று. 1841-இல் சென்னைக் கடலில் வீசிய புயலையும் அவர் விடவில்லை. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக, இருபதுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகள் ஆசியக் கழக இதழில் வந்தன.

இவ்வேலை எத்தகையது என்பதை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு கப்பலிலும் நாட்குறிப்பேடு ஒன்று உண்டு. கப்பல் நின்ற இடம், காற்று வீசிய திசை, அதன் வலிமை, காற்றழுத்தமானி காட்டிய அளவு ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் எல்லாக் கப்பல்களும் ஒரு முறையைப் பின்பற்றவில்லை. சிலவற்றில் நாள் என்பது நள்ளிரவில் தொடங்கும். சிலவற்றில் நண்பகலில் தொடங்கும். எனவே ஒரு கப்பலின் நான்காம் நாள் மற்றொன்றின் ஐந்தாம் நாளாக இருக்கும். புயலில் ஞாயிற்றையும் விண்மீனையும் காண இயலாமையால், கப்பல் எங்கே நின்றது என்பதும் பெரும்பாலும் ஊகமே. காற்றின் வலிமையை ஒருவர் கடும் புயல் என்று எழுதுவார். அஞ்சா நெஞ்சினர் ஒருவர் அதனையே வலிய காற்று என்று எழுதிவிட்டு அப்பாற் செல்வார். சிலர் உயிர் பிழைக்கும் பாட்டில் காற்றழுத்தமானியைப் பாராமலே விட்டிருப்பர். இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி, ஒரே நாளின் ஒரே மணிக்கு எந்தக் கப்பல் எங்கே இருந்தது, அங்குக் காற்று எத்திசையினின்று வீசியது என்று தேர்ந்து, கடற்படத்தின்மேல் அம்புக்குறிகளாக இட்டார் பிடிங்டன். ஐந்தாறு அம்புகள் வீழ்ந்தவுடன் அவை ஒரு வட்டத்தின் விளிம்பைத் தழுவி நிற்பது கண்ணுக்குப் புலனாகும். வட்டத்தின் நடுவே புயலின் மையம். மறுநாளைய அம்புகளையும் இட்டால் மையம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதும் தெரிந்துவிடும். இந்தியக் கடலின் புயல் இவ்வாறே தாளின்மேல் உருப்பெற்றது.

இம்முறையில் ஐயம் கொண்டவர்களும் இருந்தனர். அவர்கள் வாயை அடைக்கச் சார்லஸ் ஹெடில் என்னும் சிறு கப்பலின் கதை போதுமானதாயிற்று. அது 1845-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மொரீசியசுத் தீவுக்கு அருகில் ஒரு புயலிற் சிக்கியது. அதன் தலைவர் புயலை எதிர்த்து நிற்க முயலாமல், காற்று உந்தும் வழியே கப்பலை ஓடவிட்டார். ஐந்து நாட்கள் அக்கப்பல் இடையறாது ஓடியது. ஓடிய தொலைவு ஆயிரம் மைலுக்கு மேல். ஆயினும் புயல் ஓய்ந்தபின் இடத்தைக் கணித்துப் பார்த்தால், புறப்பட்ட இடத்தினின்று அதிற் சிறு பங்கே கடந்திருந்தது! அந்நாட்களில் காற்றின் திசையோ திசைகாட்டியின் எல்லாப் புள்ளிகளையும் தொட்டு மீண்டும் மீண்டும் சுற்றி வந்திருந்தது. செக்கைச் சுற்றும் மாடு போல அக்கப்பல் புயலின் மையத்தைப் பலமுறை வலம் வந்திருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. அதன் நாட்குறிப்பேட்டைப் பிடிங்டன் மணிவாரியாக ஆராய்ந்து வெளியிட்டார். பல கப்பல்களிடமிருந்து துண்டு துண்டாகப் பெற்ற சான்றை ஒரே கப்பல் முழுமையாகத் தந்துவிட்டது.

அறிஞர்க்கு மட்டும் விளங்கும் உண்மை கடலில் ஒருவரையும் காப்பதில்லை. பிடிங்டன் தாமே மாலுமியாக இருந்தவராதலின் இதனை நன்கு அறிவார். புயலில் அலைக்கழியும் கப்பலில், மங்கிய விளக்கொளியில், உறக்கமின்றிச் சிவந்த கண்களோடு இருக்கும் தலைவருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க நேரமேது? அவருக்கென ஒரு கருவியைப் பிடிங்டன் அமைத்தார். ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகச் சீவிய மாட்டுக்கொம்புத் தகட்டில் வட்டங்கள் வரைந்து, அவற்றின்மேல் காற்றின் திசைகளை அம்புகளாகப் பொறித்தார். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும்; தெற்கே கடிகார முள்ளைப் போலச் சுழலும். ஆதலால் வடகடலுக்கு ஒரு தகடும் தென்கடலுக்கு ஒரு தகடுமாக இரண்டு செய்தார். தகட்டின் வடமுனை கடற்படத்தின் வடக்கை நோக்குமாறு வைத்து, அப்போது வீசும் காற்றைக் காட்டும் அம்பு கப்பல் நிற்கும் இடத்தின்மேல் படும்படி நகர்த்தினால், வட்டத்தின் நடுப்புள்ளி புயல் மையம் எத்திசையில் உள்ளது என்பதைக் காட்டிவிடும். மையம் எவ்வளவு தொலைவு என்பதை மதிப்பிட, காற்றழுத்தமானி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கொண்டு ஒரு பட்டியலும் தந்தார்.

ஓர் எடுத்துக்காட்டால் இதன் பயனை அறியலாம். வங்கக் கடலில் ஒரு கப்பல் செல்கிறது. வடகிழக்கினின்று காற்று எழுகிறது; காற்றழுத்தமானி இறங்குகிறது. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால், வடகடலில் புயலின் மையம் வலக்கைப் புறத்தில் இருக்கும். ஆகவே இப்போது மையம் தென்கிழக்கில் உள்ளது. சில மணி நேரத்தில் காற்றுக் கிழக்கினின்று வீசினால், மையம் நேர் தெற்கே வந்துவிட்டது என்று பொருள். புயல் மேற்கு நோக்கிச் செல்கிறது. கப்பல் அதன் வடபுறத்தில் இருக்கிறது. இதனை அறியாத தலைவர் என்ன செய்வார்? வடகிழக்குக் காற்று எழுந்தவுடன், காற்றோடு போவதே எளிது என்று பாய்களைச் சுருக்கிக்கொண்டு தென்மேற்கு நோக்கி ஓடுவார். அது புயல் வரும் பாதையின் குறுக்கே போய் நிற்பதாகும். மையம் அவரைத் தேடி வரவேண்டியதில்லை, அவரே அதனைத் தேடிச் சென்றவராவார். மாறாக, காற்று ஒரே திசையில் நிலையாக நின்று வலுத்துக்கொண்டே போனால், மையம் நேராகத் தம்மை நோக்கி வருகிறது என்று அறிந்து விலகிக்கொள்ளல் வேண்டும். விசாரணை மன்றத்தில் பிடிங்டன் கேட்ட கதைகளில் எத்தனையோ கப்பல்கள் இந்த ஓர் அறிவு இன்மையால் அழிந்தவை.

தகட்டோடு நூலும் வந்தது. 1844-இல் இந்தியக் கடலுக்கும் சீனக் கடலுக்கும் என எழுதிய சிறு நூலை விரிவாக்கி, 1848-இல் எல்லாக் கடல் மாலுமிகளுக்கும் உரிய நூலாக வெளியிட்டார். அந்நூற்குக் கொம்புச்சுவடி எனப் பெயரிட்டார். இப்பெயரில் ஒரு நயம் உண்டு. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிச் சிறுவர் பனையோலையில் எழுத்துப் பயின்றது போல, அந்நாட்டுச் சிறுவர் எழுத்துகள் பொறித்த தாளைப் பலகையில் ஒட்டி, அழுக்குப் படாமல் மெல்லிய கொம்புத் தகட்டால் மூடிப் பயின்றனர். அதற்குக் கொம்புச்சுவடி என்பது பெயர். கொம்புத் தகட்டோடு கூடிய தம் நூலை மாலுமிகளின் அரிச்சுவடி என்று பிடிங்டன் குறிப்பாகச் சொன்னார். எளிய நடையில் அமைந்த அந்நூல் பல பதிப்புகள் கண்டது.

அந்நூலில்தான் அவர் உலகுக்கு ஒரு புதிய சொல்லையும் தந்தார். சுழலும் காற்றை ஒவ்வொரு கடலிலும் ஒவ்வொரு பெயரால் வழங்கினர். அப்பெயர்கள் வலிமையையோ இடத்தையோ குறித்தனவேயன்றி, சுழற்சியாகிய இயல்பைக் குறிக்கவில்லை. பிடிங்டன் கிரேக்க மொழியினின்று சைக்ளோன் என்னும் சொல்லை ஆக்கினார். அதன் மூலச்சொல்லுக்குப் பாம்பின் சுருள் என்னும் பொருளும் உண்டு. வட்டம் என்று பொருள்படும் சொல்லை அவர் ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? காற்று முழு வட்டமாகச் சுழல்கிறது என்று உறுதி கூறுவதற்குச் சான்று போதாது. சுழலும் தன்மை உடையது என்று மட்டும் கூறலாம் என்று அவர் கருதினார். சொல்லாக்கத்தில் இத்துணை அடக்கம் காட்டுவோர் அரியர். நம் மொழியிலும் சூறாவளி என்னும் சொல்லில் சுழற்சி உண்டு. ஆனால் புயல் என்பது பழந்தமிழில் மேகத்தையும் மழையையும் குறித்த சொல். கொடுங்காற்று என்னும் பொருள் அதற்குப் பிற்காலத்தில் ஏறியது. இன்று வானிலை அறிவிப்புகளில் சைக்ளோனுக்குப் புயல் என்றே சொல்கிறோம்.

பிடிங்டனின் அடக்கம் வீண் போகவில்லை. மொரீசியசில் ஆராய்ந்த சார்லஸ் மெல்ட்ரம் என்பவர், புயற்காற்று வட்டமாகச் சுழல்வதோடு நில்லாமல் மையத்தை நோக்கி உட்புறமாக வளைந்து பாய்கிறது என்று பின்னர் மெய்ப்பித்தார். ஆகவே வடகடலில் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பவர்க்கு மையம் வலப்புறத்தில், சற்றுப் பின்னே இருக்கும். முழு வட்டத்தையே நம்பிய மாலுமிகள் சில வேளைகளில் தவறிழைத்தனர். கொம்புத் தகட்டு வட்டத்தில் குறை இருந்தது மெய். பாம்பின் சுருள் என்ற பெயரிலோ குறை இல்லை.

இக்காலத்தில் அத்தகட்டின் வேலையைக் கணிப்பொறி செய்கிறது. புயல் மையத்தின் அழுத்தம், மையத்துக்கும் மிகக் கடுமையான காற்று வீசும் வளையத்துக்கும் உள்ள தொலைவு, புயல் நகரும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு, சுற்றியுள்ள கடற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் காற்று எத்திசையில் எவ்வளவு வேகத்தில் வீசும் என்று கணக்கிடுகின்றனர். இதனைக் காற்றுப்புலம் என்பர். வடகடலில், புயல் செல்லும் திசையை நோக்கி நின்றால், அதன் வலப்புறத்தில் சுழற்சியின் வேகத்தோடு நகர்ச்சியின் வேகமும் சேர்கிறது. ஆதலின் அப்பக்கம் கொடியது. 1960-ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள்கள் மேலிருந்து புயலைப் படம் பிடிக்கின்றன. ஆயினும் அடிப்படை வேலை, சிதறிய காற்றுக் குறிப்புகளினின்று புயலின் உருவத்தைக் கட்டுவதே. காற்றுப்புலம் தெரிந்துவிட்டால், அது கடல்நீரை எவ்வளவு உயரம் கரைமேல் ஏற்றும் என்பதையும் கணிக்கலாம்.

கடல்நீர் ஏறுவதைப் பற்றியும் பிடிங்டன் ஆழ்ந்து சிந்தித்திருந்தார். மாலுமிகளை அச்சுறுத்துவது காற்று. கரையில் வாழ்வோரைக் கொல்வது பெரும்பாலும் நீர். முன்னே சொன்ன கோரிங்காத் துறைமுகம் 1789-ஆம் ஆண்டு டிசம்பரிலும் அழிவுற்றது. அப்போது மூன்று பேரலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்றும், முதல் அலை கப்பல்களைக் கரைமேல் எறிய, பின்வந்தவை ஊரையும் வயல்களையும் மூழ்கடித்தன என்றும் பழைய செய்திகள் கூறின. மாண்டவர் 20,000 பேர் என்பது வழிவழி வந்த கணக்கு. வலிய காற்று ஆழமற்ற கடலின் நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. புயல் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் நீர் மேலும் சற்று உயர்கிறது. வங்கக் கடலின் வடகோடியோ ஆழம் குறைந்து, புனல் போலக் குறுகிய பகுதி. அங்கு நீர் விலகிச் செல்ல இடமில்லை.

இந்த அறிவோடு பிடிங்டன் அரசாங்கத்தை எதிர்த்துப் பேச வேண்டிய நாள் வந்தது. கல்கத்தாத் துறைமுகம் ஊக்ளி ஆற்றின் கரையில் உள்ளது. அவ்வாற்றில் வண்டல் படிந்து கப்பல்கள் வர இயலாமற் போகுமோ என்ற அச்சம் வணிகரிடையே எழுந்தது. எனவே தெற்கே, சுந்தரவனக் காடுகளின் ஓரத்தில், மாட்லா என்னும் ஆற்றங்கரையில் ஒரு புதிய துறைமுகம் அமைக்கத் திட்டம் வகுத்தனர். அகன்ற ஆறு, ஆழமான நீர், கல்கத்தாவிலிருந்து முப்பது மைலுக்கும் குறைந்த தூரம். வேறென்ன வேண்டும்? வணிகர் மகிழ்ந்தனர். பிடிங்டன் மட்டும் வரைபடத்தை வேறு கண்ணோடு பார்த்தார். கடலுக்கும் அவ்விடத்துக்கும் இடையே ஆறு நேராகத் திறந்து கிடந்தது. வங்கக் கடலின் புயல் ஒன்று சரியான திசையில் வந்தால், அது தள்ளிவரும் நீரைத் தடுக்க அங்கு ஒன்றுமில்லை.

1853-ஆம் ஆண்டு அவர் தலைமை ஆளுநர் டல்ஹௌசிப் பிரபுவுக்கு ஒரு நீண்ட மடல் எழுதி, அதனை அச்சிட்டும் வெளியிட்டார். புயலின் நடுவே உப்புநீர்ப் பெருக்கு மிக விரைவில் உருண்டு வந்து, குடியிருப்பு முழுவதையும் ஐந்து அடி முதல் பதினைந்து அடி ஆழம் வரை மூழ்கடிக்கும் நாள் ஒன்று வரும் என்று அதில் அவர் எச்சரித்தார். பதினான்கு ஆண்டுகளாகத் தொகுத்த குறிப்புகளே அவருக்குச் சான்று. ஆனால் அரசாங்கம் அம்மடலைப் பொருட்படுத்தவில்லை. ஒருகால் நேராத புயலுக்காக உறுதியான வருவாயை விடுவதா என்று அதிகாரிகள் எண்ணியிருக்கலாம். அவர்களைப் பழிப்பது எளிது. அன்று அந்த ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர்க்கு அமைதியான நீரன்றி வேறொன்றும் தோன்றியிராது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

பிடிங்டன் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் கல்கத்தாவில் இறந்தார். தாம் சொன்னது நடந்ததை அவர் காணவில்லை.

புதிய துறைமுகத்துக்குத் தலைமை ஆளுநர் கானிங் பிரபுவின் பெயர் இடப்பட்டது. கல்கத்தாவிலிருந்து இருப்புப்பாதை போடப்பட்டது. கப்பல் துறைகளும் சரக்குக் கிடங்குகளும் விடுதியும் எழுந்தன. துறைமுகத்தை நடத்த ஒரு கம்பெனி தோன்றியது. அதன் பங்குகளை வாங்க வணிகர் போட்டியிட்டனர். 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் ஒரு பெரும்புயல் ஊக்ளி ஆற்றின் வழியே கடலை ஏற்றிக் கல்கத்தாவைத் தாக்கிற்று. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நங்கூரம் அறுந்து ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஆற்றின் இருகரையிலும் பல்லாயிரவர் மாண்டனர். அதன்பின் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை விடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அவ்வழியிலேயே 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. கானிங் துறைமுகத்தின் வேலை மட்டும் நின்றபாடில்லை.

1867-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இரவு மாட்லா ஆற்றின்மேல் புயல் வந்தது. அது மிகப் பெரிய புயலன்று. அதனோடு வந்த நீரலையும் ஆறடி உயரமே. பிடிங்டன் கூறிய அளவுகளில் அது கீழ்ப்படியைச் சற்றே கடந்தது. ஆயினும் அது போதுமானதாயிருந்தது. புகைவண்டி நிலையமும் சரக்குக் கிடங்குகளும் விடுதியும் வீழ்ந்தன. கட்டறுத்துக்கொண்ட பெருங்கப்பல் ஒன்று மோதி, இருப்புப்பாதைத் துறையின் பெரும்பகுதியை உடைத்துச் சென்றது. குடிநீர்க் குளங்களில் உப்புநீர் புகுந்தது. துறைமுகத்தைச் செப்பனிட்டுப் பார்த்தனர். கப்பல்கள் வருவது குறைந்துகொண்டே போயிற்று. சில ஆண்டுகளில் அரசாங்கம் அதனைக் கைவிட்டது.

மாட்லா ஆற்றின் அவ்விடத்தில் இன்று வண்டல் நிரம்பிக் கிடக்கிறது. கானிங் என்னும் ஊர் மட்டும் உள்ளது. அன்று போட்ட இருப்புப்பாதையின் வழியே கொல்கத்தாவிலிருந்து அங்கு வண்டிகள் செல்கின்றன. சுந்தரவனத் தீவுகளுக்குச் செல்வோர் அங்கு இறங்கி மேற்செல்கின்றனர். கடற்கப்பல் எதுவும் அங்கு வருவதில்லை.